பழுதான தாளின் பின்பக்கம்

மட்டக்களப்பிலிருந்து படங்கள் திரும்பி வந்தன.
பன்னிரண்டு. ஒன்றும் கசங்கவில்லை.
கூடவே பதிப்பாளர் நிரோஜினியின் குறிப்பு:
"உங்கள் பிள்ளைகள் எல்லோரும்
ஏன் கையை ஒளித்துக்கொண்டே நிற்கிறார்கள்?"

பரப்பிவைத்துப் பார்த்தேன்.
மாங்காய் பறிக்கும் சிறுவனின் கை இலைக்குள்.
தோணி தள்ளுகிறவரின் கை தண்ணீருக்குள்.
கடற்கரையில் நிற்கும் பெண்ணுக்கு
முக்காட்டை அவ்வளவு நீளமாக இழுத்துவிட்டவள்
நானேதான்.
யானையிடம் மட்டும் எதையும் மறைக்கவில்லை.

கல்முனை பஸ் நிலையத்துக்கு எதிரே
போட்டோக்கொப்பிக் கடையில் எனக்கு வேலை.
மை பரவி, சரிந்து, பாதியில் சிக்கி
ஒரு நாளைக்கு முப்பது தாளாவது பழுதாகும்.
பின்பக்கம் வெள்ளை.
அதிலொன்றில் எழுதினேன்: தினமும் ஒரு கை.
எழுதியதும் வெட்கமாகிவிட்டது,
ஒவ்வொரு நோன்புக்கும் சிகரெட்டை
ஒரேயடியாக விட்டுவிடுகிற என் காக்கா மாதிரி.

காலையில் மெஷின் சூடாக மூன்று நிமிடம்.
பச்சை விளக்கு எரியும்வரை பென்சில் நகரவேண்டும்.
அவ்வளவுதான் சட்டம்.
நன்றாக வரவேண்டுமென்று
சட்டத்தில் எங்கும் இல்லை.

முதற்கிழமை வந்தவை வாழைச்சீப்புகள்.
மறுகிழமை, காற்றடைத்த கையுறைகள்.
ஒரு நாள் இடக்கையைக் கண்ணாடியில் வைத்து
மூடியை அமத்தினேன்.
கறுப்புக் கடலுக்குள்ளிருந்து ஏதோ ஓர் உயிர்
தாளில் மிதந்து வந்தது.
அதையும் பார்த்துக் கீறினேன்.
"அந்தக் கொப்பிக்கும் காசு போடு" என்றார் முதலாளி.

டெங்கு ஒன்பது நாளைத் தின்றது.
அது பரவாயில்லை.
பத்தாம் நாள்தான் பொல்லாதது:
காய்ச்சலில்லை, காரணமில்லை,
மெஷின் தன்பாட்டில் சூடாகிறது,
நான் போனைத் தடவிக்கொண்டிருக்கிறேன்.
பதினோராம் நாள் பென்சிலை நூலில் கட்டி
பச்சை விளக்கின்மேல் தொங்கவிட்டேன்.

பிறகு கைகள் தாமாகவே வரத் தொடங்கின.
பரீட்சை விண்ணப்பத்தை விடாமல் பிடித்த பெருவிரல்.
மருதமுனைத் தறிக்காரரின் சுட்டுவிரலில்
நூல் வெட்டிய கோடு.
காசெண்ணும்போது எல்லோருக்கும்
சின்ன விரல் மட்டும் வேலையில் சேராமல்
தள்ளி நிற்பதை
இத்தனை வருடம் நான் கவனித்ததேயில்லை.

நூற்றிப் பதினேழாம் நாள்,
கடை திறக்குமுன்னே வாசலில் நப்ராஸ். நிந்தவூர்.
கச்சான் காற்று அவரோடு உள்ளே வந்தது.
வயல் உறுதி, நாலு கொப்பி.
முதல்நாள் மெஷின் சூட்டோடுதான் இருந்தது போல,
விளக்கு உடனே எரிந்தது.
மடிப்பு நிமிராதென்று அவரே அமத்திப் பிடித்தார்.
முதல் கொப்பி சரிந்தது. ஒதுக்கினேன்.
மற்ற நாலும் சரி.

அவர் போனதும் அந்தத் தாளை எடுத்து
நினைவிலிருந்து கீறினேன்.
மூட்டு, நரம்பு, நகத்தோரத்துச் சேறு
எல்லாம் வழுக்கிக்கொண்டு வந்தன.
நன்றாக இருந்தது.
முதன்முதலாக, நன்றாக.

மிச்சக் காசுக்குத் திரும்பி வந்தவர்
தாளைக் கண்டு குனிந்தார்.
"நல்லாத்தான் இரிக்கி தங்கச்சி.
ரெண்டு வெரல் கூடிப்பெய்த்து."
கையை மேசையில் வைத்தார்.
மோதிர விரலுமில்லை, சின்ன விரலுமில்லை.
"சூடடிக்கிற மெஷினுக்குக் குடுத்த."

நூற்றிப் பதினாறு கைகள்
கண்ணைக் கேளாமலே ஐந்து போட
என் கையைப் பழக்கியிருந்தன.
தாளைத் திருப்பினேன்.
சரிந்துபோன உறுதியின் ஓரத்தில்
அமத்திப் பிடித்த விரல்கள், கறுப்பாய், மூன்று.
மெஷின் பார்த்திருக்கிறது.

அக்கரைப்பற்று பஸ் ஹோர்ன் அடித்தது.
"அடுத்ததில போறன், கீறுங்க" என்று
கையை அப்படியே விட்டு நின்றார்.
மூன்று நிமிடம் போதவில்லை.
கோடு நடுங்கியது, வாழைச்சீப்புக் காலத்தைப் போல.

இரவு, மாங்காய் பறிக்கும் சிறுவனை எடுத்து
இலைகளை அழிக்கத் தொடங்கினேன்.
எத்தனை விரலென்று
அவனிடம் இன்னும் கேட்கவில்லை.